புதுச்சேரியில் இரண்டு நாள் இசை ஆசிரியர் பயிற்சி: ₹3,500-க்கு என்ன கிடைத்தது?

பள்ளி பணம் கட்டி அனுப்பினால் யோசிக்காமல் போய்வரலாம். கைக்காசு போட்டுப் போவதென்றால் இதைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

பள்ளி இசை ஆசிரியர்களுக்கென்று புதுச்சேரியில் ஒரு ஓட்டல் அரங்கில் சனி, ஞாயிறு இரண்டு நாளும் நடந்த பயிற்சியைப் பற்றித்தான் சொல்கிறேன். கட்டணம் ₹3,500. இரண்டு நாள் மதியச் சாப்பாடு, டீ, ஒரு துணிப்பை, ஒரு நோட்டு, சான்றிதழ் எல்லாம் அதில் சேர்த்தி. நடத்தியவர்கள் பெயரைப் போடவில்லை. குறையும் சொல்லப் போகிறேன், பெயரையும் சேர்த்துச் சொல்ல மனம் வரவில்லை. இந்தப் பக்கத்தில் பாட்டு சொல்லிக்கொடுக்கிற எல்லோருக்கும் அந்த அழைப்பு வாட்ஸப்பில் வந்திருக்கும், புரிந்துகொள்வீர்கள்.

நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு சி.பி.எஸ்.இ. பள்ளியில் பாட்டு மிஸ். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரை என் பொறுப்பு. ஒரு செக்‌ஷனுக்கு வாரத்தில் ஒரே பீரியட், 40 நிமிடம். பிள்ளைகள் வரிசையாக வந்து, செருப்பைக் கழற்றி, இடத்துக்குச் சண்டை போட்டு உட்காருவதற்குள் கொஞ்ச நேரம் போய்விடும். ஒரு செக்‌ஷனில் 45 பேர். கணக்கு மிஸ்ஸுக்குப் போர்ஷன் முடியவில்லை என்றால் முதலில் பறிபோவது என் பீரியட்தான். அதனால் மேடையில் யார் என்ன பேசினாலும் என் மனதில் ஓடியது ஒரே கேள்வி: 45 பேரை வைத்துக்கொண்டு, கையில் ஒரு சுருதிப்பெட்டி மட்டும் இருக்கும்போது, இதைச் செய்ய முடியுமா? இந்த விமர்சனமும் அந்த அளவுகோலில்தான்.

கூட்டம் ஏன் இவ்வளவு என்றும் சொல்லிவிடுகிறேன். 2020-ல் வந்த தேசியக் கல்விக் கொள்கை, ஆசிரியர் ஒவ்வொருவரும் ஆண்டுக்குக் குறைந்தது 50 மணி நேரம் பயிற்சி எடுக்க வேண்டும் என்கிறது. மற்ற பாடங்களுக்கு அந்த மணி நேரம் எளிதாகக் கிடைத்துவிடுகிறது. எங்களை எல்லோரோடும் சேர்த்து உட்காரவைத்து, வினாத்தாள் வடிவமைப்பு பற்றி ஒரு நாள் முழுக்கப் பேசுவார்கள். நானும் தலையாட்டிவிட்டு வருவேன். இசைக்கென்றே தனியாக ஒன்று வருகிறது என்றதும் விழுப்புரம், திண்டிவனம், சிதம்பரம் என்று வந்துவிட்டார்கள். காரைக்காலிலிருந்துகூட இரண்டு பேர். நாற்காலி போதாமல் பின்னால் பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டார்கள்.

முதல் நாள் காலை 9.30-க்குத் தொடக்கம் என்று அழைப்பிதழ் சொன்னது. குத்துவிளக்கு, வரவேற்புரை, பொன்னாடை, நினைவுப் பரிசு, வாழ்த்துரை, இன்னொரு வாழ்த்துரை என்று முடிந்தபோது மணி பதினொன்றேகால். இசை ஆசிரியர்கள் நிரம்பிய அரங்கில் தமிழ்த்தாய் வாழ்த்தை ஸ்பீக்கரில் ஓடவிட்டார்கள். அத்தனை தொண்டை சும்மா நின்றுகொண்டிருந்தது.

வாழ்த்துரை சொன்ன ஒருவர், இசையைக் கற்பிப்பவர்கள் ஒரே கூரையின்கீழ் கூடி விவாதிப்பது நம் மண்ணுக்குப் புதிது என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த சிதம்பரத்து சார் என்னைத் திரும்பிப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். தஞ்சாவூரில் ஆபிரகாம் பண்டிதர் சங்கீத வித்யா மகாஜன சங்கத்தைத் தொடங்கி, வித்வான்களை வரவழைத்து மாநாடு மாநாடாக நடத்த ஆரம்பித்தது 1912-ல். சென்னை மியூசிக் அகாடமியே 1927 காங்கிரஸ் மாநாட்டையொட்டி நடந்த இசை மாநாட்டிலிருந்து பிறந்ததுதான். டிசம்பரில் காலை நேரத்தில் அங்கே நடக்கும் விளக்க உரைகளை இன்றைக்கும் வித்வான்கள் நோட்டோடு வந்து கேட்கிறார்கள். இவ்வளவு ஏன், இங்கிருந்து பஸ் பிடித்தால் போய்விடக்கூடிய சிதம்பரத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில், 1941-ல் தமிழிசை மாநாடு கூடியிருக்கிறது. பள்ளிக்கூடத்துப் பாட்டு மிஸ்ஸுக்கென்று தனியாகக் கூடுவது அபூர்வம் என்றிருந்தால் நான் ஒத்துக்கொண்டிருப்பேன்.

முதல் அமர்வு கோடாய் முறை. ஹங்கேரி நாட்டு இசையமைப்பாளர் ஸோல்தான் கோடாய் பெயரில் வழங்கும் கற்பித்தல் முறை அது. நடத்தியவர் சென்னையிலிருந்து வந்த இளைஞர். சுறுசுறுப்பு, நல்ல குரல். கைச் சைகைகளை அழகாகச் சொல்லிக்கொடுத்தார். கீழ் ஸ்வரத்துக்கு இடுப்பருகே முஷ்டி, அடுத்ததற்குச் சாய்ந்த கை, மூன்றாவதற்குத் தட்டையாக உள்ளங்கை என்று ஒவ்வொரு படியாகக் கை மேலே ஏறி, மேல் ஸ்வரத்தில் நெற்றிக்கு வரும். இந்தச் சைகைகள் கோடாய் கண்டுபிடித்தவை அல்ல. 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஜான் கர்வென் என்பவர் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவை, கோடாய் முறையில் எடுத்துக்கொண்டார்கள். 45 பேர் வகுப்புக்கு இது நிச்சயம் உதவும். ஒரு சத்தமும் போடாமல் கையை உயர்த்தினால் வகுப்பே பாடுகிறது. பாடாதவன் யார் என்பதும் தெரிந்துவிடுகிறது.

சிக்கல் எங்கே என்றால், அந்த ஏழு சைகையும் சங்கராபரண ராகத்தின் (மேற்கத்திய இசையில் மேஜர் ஸ்கேல்) ஸ்வரங்களுக்கு அப்படியே பொருந்தும். நாம் ஆரம்பப் பாடமான சரளி வரிசையைத் தொடங்குவதோ மாயாமாளவகௌளை ராகத்தில். ரிஷபமும் (ரி) தைவதமும் (த) அதில் சுத்தம், அதாவது சங்கராபரணத்தில் இருப்பதைவிடத் தாழ்ந்தவை. சாதாரண சைகையைக் காட்டிவிட்டு அதைப் பாடச் சொன்னால் பிள்ளை எதை நம்பும்? எழுந்து கேட்டேன். "அப்ப சங்கராபரணத்துலயே ஆரம்பிங்க மேடம்" என்றார். பின்வரிசையில் மூத்த ஆசிரியர்கள் மத்தியில் ஒரு முணுமுணுப்பு. எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை, வாரம் ஒரு பீரியட் வருகிற குழந்தைக்கு ஐந்தே ஸ்வரம் உள்ள மோகனத்திலேயே தொடங்கலாம் என்பதுதான் என் கட்சி. ஆனால் கேள்வி வரும் என்று தெரிந்து வந்திருக்க வேண்டாமா?

இன்னொன்று உண்மையிலேயே எரிச்சலாக இருந்தது. மாதிரிப் பாட்டு என்று அவர் பாடிக்காட்டியதெல்லாம் ஆங்கில நர்சரிப் பாட்டு. கோடாய் 1905 முதல் ஹங்கேரியின் கிராமம் கிராமமாகப் போய் நாட்டுப்பாடல் சேகரித்தவர், பின்னால் இன்னொரு ஹங்கேரி இசையமைப்பாளரான பார்டோக்கும் கூட்டுச் சேர்ந்தார். குழந்தை முதலில் தன் தாய்மொழியில், தன் மண்ணின் பாட்டைப் பாட வேண்டும் என்பதுதான் அவர் சொன்னதன் அடித்தளமே. அதைச் சொல்லித்தருகிறேன் என்று வந்து இங்கிலீஷ் ரைம்ஸ் பாடினால் எப்படி? என் வகுப்பில் தேவனாம்பட்டினத்திலிருந்து வரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். வலை இழுக்கும்போது பெரியவர்கள் பாடும் 'ஏலேலோ' அம்பாப் பாட்டு அவர்கள் காதில் ஏற்கெனவே இருக்கிறது. ஒருவர் அடி எடுக்க மற்றவர் திருப்பிச் சொல்லும் அமைப்பு. கும்மியும் அப்படித்தான். இதைவிடவா ஒரு பாடத்திட்டம் வேண்டும்? இடைவேளையில் அவரிடமே சொன்னேன். மறுக்கவில்லை, குறித்துக்கொண்டார். நல்ல பையன்தான், அடுத்த முறை மாற்றிக்கொள்வார் என்று நம்புகிறேன்.

சாப்பாடு நன்றாக இருந்தது. வத்தக்குழம்பு குறிப்பாக.

மதியம் ஆர்ஃப் கருவிகள். ஜெர்மானியரான கார்ல் ஆர்ஃப் பெயரில் வழங்கும் முறை, மரக்கட்டை அடுக்கிய சைலஃபோன்கள். கட்டைகளைத் தனித்தனியாகக் கழற்றி எடுக்கலாம் என்பதுதான் அதில் விசேஷம். மத்தியமத்தையும் (ம) நிஷாதத்தையும் (நி) கழற்றி வைத்துவிட்டால் மிச்சம் இருப்பது மோகனம். குழந்தை எங்கே தட்டினாலும் அபஸ்வரம் வராது. நாங்களே குழந்தைகள் மாதிரி வரிசையில் நின்று தட்டிப் பார்த்தோம், சந்தோஷமாகத்தான் இருந்தது. வெளியே ஸ்டாலில் விலையைக் கேட்டதும் சந்தோஷம் இறங்கிவிட்டது. ஒரு வகுப்புக்கு வேண்டிய அளவு வாங்கினால் எங்கள் பள்ளியின் ஆண்டு விழா செலவே அதில் போய்விடும். காசில்லாத வழி ஒன்றை அவர்கள் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். பள்ளியில் தூசி படிந்து ஒரு கீபோர்டு கிடக்கும் அல்லவா, அதில் கறுப்புக் கட்டைகளை மட்டும் வாசிக்கச் சொல்லுங்கள். நாலரைக் கட்டையை (F ஷார்ப்) ஷட்ஜமாக, அதாவது ஸ-வாக வைத்தால் அந்த ஐந்தும் மோகனம்தான். வெள்ளைக் கட்டை மேல் ஒரு அட்டைப் பட்டையை ஒட்டி மறைத்துவிட்டால் இரண்டாம் வகுப்புக் குழந்தையும் ஸ்வரம் போட்டு வாசிக்கும்.

அதற்குப் பிறகு 'டிஜிட்டல் இசை வகுப்பறை'. புரொஜெக்டர் வேலை செய்யவில்லை. பேச வந்தவர் லேப்டாப்பைத் திருப்பிப் பிடித்து முன்வரிசைக்குக் காட்டினார். பாதிப் பேர் பீச்சுக்குக் கிளம்பிவிட்டோம்.

இரண்டாம் நாள் காலை அமர்வுக்காகத்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன். மிருதங்க வித்வான், பல வருடமாகப் பள்ளியிலும் சொல்லிக்கொடுப்பவர். மேடை ஏறவில்லை. நாற்காலியையெல்லாம் ஓரமாகத் தள்ளச் சொன்னார். மிருதங்கத்தை உறையிலிருந்து எடுக்கக்கூட இல்லை. "எல்லாரும் எழுந்து நில்லுங்க, செருப்பைக் கழட்டிடுங்க" என்றார், அவ்வளவுதான் முன்னுரை.

முதலில் கால் மட்டும். இடது, வலது, இடது, வலது. நின்ற இடத்திலேயே நடை. கால் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும்போது கையில் ஆதி தாளம்: ஒரு தட்டு, சுண்டுவிரலிலிருந்து மூன்று எண்ணிக்கை, பிறகு தட்டி வீச்சு, தட்டி வீச்சு. எட்டு. காலும் கையும் சேர்ந்து நிலைத்த பிறகு வாயில் 'தகதிமி'. எல்லாம் நாலு நாலாகப் போகிறவரை யாருக்கும் கஷ்டமில்லை. அப்புறம் திடீரென்று, கையும் காலும் அப்படியே இருக்கட்டும், வாய் மட்டும் 'தகிட' சொல்லட்டும் என்றார். எட்டு எண்ணிக்கையில் மூன்று மூன்றாகச் சொன்னால் முதல் ஆவர்த்தனம் (தாளத்தின் ஒரு முழுச் சுற்று) முடியும்போது சொல் பாதியில் தொங்குகிறது. பலருக்கு விரல் உளற ஆரம்பித்துவிட்டது. பாட்டில் பட்டம் வாங்கியவர்கள் நாங்கள்! அவர் நிறுத்தவில்லை, "போய்க்கிட்டே இருங்க, வீடு வந்துரும்" என்றார். மூன்று ஆவர்த்தனம், 24 எண்ணிக்கை, எட்டு தகிட. மூன்றாவது ஆவர்த்தனத்தின் கடைசி வீச்சோடு எட்டாவது 'தகிட' முடிந்து, அடுத்த தட்டில் அத்தனை பேரும் ஒன்றாகச் சமத்தில் வந்து விழுந்தோம். அரங்கமே ஒரே சிரிப்பு. காரைக்கால் சார் கைதட்டியே விட்டார்.

பிறகுதான் விளக்கம். ஒன்று, இரண்டாம் வகுப்புக் குழந்தைகளுக்கு விரல் எண்ணிக்கை வேண்டாம், சின்ன விரல்கள் தனித்தனியாகப் பிரிந்து வராது, கவனம் முழுக்க அதிலேயே போய்விடும். கைதட்டலும் தொடைத்தட்டும் போதும் என்றார். கணக்குப் பாடத்தில் மீச்சிறு பொது மடங்கு வருகிற ஐந்து, ஆறாம் வகுப்புகளில் இந்தத் தகிட விளையாட்டை வைத்துக்கொண்டால் கணக்கு மிஸ்ஸே உங்கள் பீரியடைப் பறிக்கமாட்டார் என்றார். எனக்காகவே சொன்னது போலிருந்தது. உடல் அசைவு வழியாக லயத்தைச் சொல்லிக்கொடுக்கும் வழியைச் சுவிட்சர்லாந்தின் டால்குரோஸ் பெயரில் உலகம் பூராவும் பாடமாக வைத்திருக்கிறார்கள். இவர் அந்தப் பெயரையே எடுக்காமல் கொன்னக்கோலை (தாளச் சொற்களை வாயால் சொல்வது) வைத்து அதே வேலையை முடித்துவிட்டார். செலவு பூஜ்யம். 45 பேர் இருந்தால் இன்னும் நன்றாக இருக்கும், ஏனென்றால் மூன்று கூட்டமாகப் பிரித்து மோதவிடலாம்.

சொற்கட்டைப் பிள்ளைகள் மனதில் நிறுத்த அவர் பழப் பெயர்கள் வைத்திருந்தார். மாம்பழம் என்றால் தகிட, பலாப்பழம் என்றால் தகதிமி. டீ இடைவேளையில் நெல்லிக்குப்பத்திலிருந்து வந்த ஒரு டீச்சர் சொன்னார், "பழம் எதுக்கு சார், எங்க ஊர் பஸ்ஸிலேயே தாளம் ஓடுதே." கையில் டீ கப்போடு அவர் சொல்லிக்காட்டியது இது. புள்ளி எழுத்தைக் கணக்கில் சேர்க்காமல் எண்ணினால் கடலூர், பண்ருட்டி இரண்டும் மூன்றெழுத்து ஓசை: தகிட. சிதம்பரம், நெல்லிக்குப்பம் நான்கு: தகதிமி. விருத்தாசலம், அரியாங்குப்பம், பரங்கிப்பேட்டை ஐந்து: தக தகிட. பண்ருட்டியிலிருந்து கடலூர் வருகிற பஸ்ஸில் ஏறினால் 'பண்ருட்டி – நெல்லிக்குப்பம்', மூன்றும் நான்கும் ஏழு, மிஸ்ர சாபு தாளம். கடலூரிலிருந்து போகிற பஸ்ஸில் ஏறினால் 'நெல்லிக்குப்பம் – பண்ருட்டி', நான்கும் மூன்றும், அதைத் திருப்பிப்போட்ட விலோம சாபு! மிருதங்க சார் டீயை வைத்துவிட்டு அவருக்கு ஒரு கும்பிடு போட்டார்.

திங்கட்கிழமையே நாலாம் வகுப்பில் செய்து பார்த்தேன். கண்டக்டர் மாதிரி ஒருவன் ஊர் பெயரைக் கூவ, மற்றவர்கள் அதைத் தாளமாகத் திருப்பித் தட்ட வேண்டும். பத்து நிமிடத்தில் ஏழு பிடிபட்டுவிட்டது. ஏழு என்று நான் சொல்லவே இல்லை.

மதியம் குரல் பராமரிப்பு. நடத்தியவர் பேச்சு, குரல் சிகிச்சை நிபுணர். இதற்குக் கொடுத்தது வெறும் 45 நிமிடம், பொன்னாடைக்குக் கொடுத்ததில் பாதிகூட இல்லை. இத்தனைக்கும் நாள் முழுக்கத் தொண்டையை வைத்துப் பிழைக்கிறவர்கள் நாங்கள். கிடைத்ததைச் சொல்கிறேன். அரை டம்ளர் தண்ணீரில் ஸ்ட்ராவைப் போட்டு, குமிழி வருமாறு 'ஊ' என்று கீழிருந்து மேலே, மேலிருந்து கீழே குரலை வழுக்கிச் செல்லவிட வேண்டும். குரல் நாண்கள் ஒன்றோடொன்று பலமாக மோதாமல் பதமாகும். அடிக்கடி செருமுவது கெடுதல், அதற்குப் பதில் ஒரு மிடறு தண்ணீர். தொண்டை கட்டியிருக்கும்போது கிசுகிசுத்துப் பேசுவதும் ஓய்வு ஆகாதாம். இது பலருக்குப் புதுச் செய்தி.

அவர் இன்னொன்று சொன்னது ஆண் ஆசிரியர்கள் முகத்தில் உறைத்தது. அவர்கள் ஒரு கட்டை சுருதியில், தங்கள் குரலுக்கு வசதியாகப் பாடுவார்கள். மூன்றாம் வகுப்புக் குழந்தை அதே ஸ்தாயியில் பாடப் பார்த்து உறுமும். அந்தக் குழந்தைக்குச் சங்கீத ஞானம் இல்லை என்று நாம் முடிவு கட்டிவிடுவோம். மேல் ஸ்தாயியில் ஒரு தரம் கீபோர்டில் வாசித்துக் காட்டினால், அல்லது வகுப்பிலேயே நன்றாகப் பாடும் ஒரு பிள்ளையைப் பாடவைத்தால், பாதிப் பேர் சுருதியில் வந்து சேர்ந்துவிடுவார்கள். எட்டு, ஒன்பதாம் வகுப்புப் பையன்களுக்குக் குரல் உடைகிற பருவம். அப்போது அவர்களைத் தனியாக எழுப்பிப் பாடச் சொல்லி வகுப்பைச் சிரிக்கவிடாதீர்கள், தாளமும் கொன்னக்கோலும் கொடுத்து வையுங்கள் என்றார். காலை அமர்வோடு இது தானாகவே வந்து பொருந்தியது. ஏற்பாட்டாளர்கள் யோசித்து வைத்த வரிசையா, தற்செயலா தெரியாது.

கடைசியாக ஒரு கலந்துரையாடல், 'ஆண்டு விழாவில் சினிமாப் பாட்டு தேவையா'. தேவை என்று நாலு பேர், கூடாது என்று நாலு பேர், நேரம் முடிந்துவிட்டது.

சான்றிதழ் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பளபளவென்று கெட்டி அட்டை, தங்க நிற ஓரம், இரண்டு கையெழுத்து. எத்தனை மணி நேரப் பயிற்சி என்று மட்டும் எங்கேயும் இல்லை. 50 மணி நேரக் கணக்கில் சேர்க்கத்தானே பள்ளி என்னை அனுப்பியது? ஆபீஸில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மணி நேரம் போட்டு வாங்கிட்டு வாங்க மேடம்" என்றார்கள். ஏற்பாட்டாளர்களுக்குப் போன் மேல் போன் போட்டு, கடைசியில் ஒரு பி.டி.எஃப். வந்தது, என் இனிஷியல் மாறி. மறுபடி போன். பணம் கட்டுவதற்கு முன்பே, சான்றிதழில் மணி நேரம் இருக்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.

அடுத்த ஆண்டும் நடத்துவதாகச் சொல்லியிருக்கிறார்கள். மிருதங்க சாருக்கு ஒரு முழு காலைப் பொழுதும் குரல் அமர்வுக்கு இரண்டு மணி நேரமும் ஒதுக்கி, விளக்கேற்றுவதைக் கால் மணி நேரத்தில் முடித்தால் ₹3,500 நியாயமான விலை. இப்போதைய நிலையில் இரண்டாம் நாளுக்கு மட்டும் தனிக் கட்டணம் வைக்கச் சொல்லிக் கேளுங்கள், நானும் கேட்டிருக்கிறேன். சுருதிப்பெட்டியை எடுத்துப் போங்கள், அங்கே ஒரு போன் ஆப்பை வைத்துத்தான் சமாளித்தார்கள். கடலூர் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் நேரம் பார்த்துக் கிளம்புங்கள், அரியாங்குப்பம் தாண்டியதும் முருங்கப்பாக்கத்தில் வண்டி ஊரும்.

இரண்டாம் நாள் சாயங்காலம் ஒரு வாட்ஸப் குழு ஆரம்பித்தார்கள். பெரும்பாலும் காலை வணக்கப் படங்கள்தான். நெல்லிக்குப்பத்து டீச்சர் மட்டும் விடாமல் தாளம் போடுகிறார். போன வாரம் ஒன்பதுக்கு 'சிதம்பரம் – விருத்தாசலம்' என்று போட்டார், சங்கீர்ணம். நான் பதிலுக்கு, ஒரே பெயரில் ஆதி தாளம் ஒரு ஆவர்த்தனம் முழுக்க வரும் என்று 'திருப்பாதிரிப்புலியூர்' போட்டேன், எட்டு. உடனே சிதம்பரத்து சார் வந்துவிட்டார்: பஸ்ஸில் யாரும் அப்படி முழுசாகச் சொல்வதில்லை, 'திருப்பாப்புலியூர்'தான், அது ஆறு, ரூபக தாளத்தில் சேருங்கள் என்று. விவாதம் இன்னும் முடியவில்லை.